ஈரத் தலையோடு எடுத்த தீர்மானம்

ஒரு விதி எழுதியபடியே பிசகாமல் நடந்து, அதனாலேயே குழந்தைகளுக்கு ஆபத்து வந்தால் குற்றம் யாருடையது? விதியை எழுதியவளுடையதா, அதை நம்பி நடந்தவர்களுடையதா? பல வாரங்களாக யோசிக்கிறேன். பாத்திரம் துலக்கும்போது ஒரு பதில் வரும். துணி காயப்போடும்போது அது மாறிவிடும்.

கம்பெனிகளுக்கும் பள்ளி அறக்கட்டளைகளுக்கும் நிர்வாக ஆலோசனை சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதச் சொன்னார்கள். இப்படிப்பட்ட கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். நான் ஓய்வு பெறவில்லை. கம்பெனி செக்ரட்டரி படித்து, திருத்தணியிலிருந்து சென்னைக்கு தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன்; மகள் ஆதிரை பிறந்ததும் ரயில் ஏறுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். இப்போது இங்கிருந்தபடியே சில சிறிய அமைப்புகளுக்கு ஆலோசகர். நரை விழாததற்குக் காரணம் வயது மட்டும்தான் என்பதை நடந்ததைப் படித்தபின் ஒத்துக்கொள்வீர்கள்.

சென்னையில் என் சீனியராக இருந்த அம்மையார் ஒன்று சொல்வார்: “கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதைவிட, எப்போது யார் எழுந்து வெளியே போனார்கள் என்பதைக் கவனி.” ஒரு விஷயத்தில் தனக்குச் சொந்த லாபமோ உறவோ இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அறையை விட்டுப் போக வேண்டும். நம் தொழிலில் இதைவிடப் பழைய விதி இல்லை. எனக்குப் பிடித்த விதியும் அதுதான்.

முதலில் அதை ஆர்.கே.பேட்டையில் கொண்டுவந்தேன். அங்கே விசைத்தறிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய கம்பெனிக்கு நான் ஆலோசகர். இயக்குநர்களில் ஒருவர் சுப்பராயலு. நூல் வியாபாரம் செய்கிறார், இரண்டு வேன்களும் ஓட்டுகிறார். கம்பெனிக்கு நூல் விற்பவரும் அவர்தான், அந்த நூலை வாங்கலாமா என்று தலையாட்டுபவரும் அவர்தான். விதியை வாசித்ததும் மனிதர் மறுபேச்சில்லாமல் வெளியே போனார். போய், ஜன்னலுக்குக் கீழே தன் பைக்கில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வேறொரு வியாபாரியின் பெயர் வந்தபோதெல்லாம் வெளியே ஹாரன் அடித்தது. பைக்கைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னோம். அன்று முதல்முறையாக வேறொருவரிடம் நூல் வாங்க முடிவானது. கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். மறுநாள் போன் செய்து, “ரூல் பாகா கீதும்மா” என்றார், நன்றாக இருக்கிறது என்பதைத் தெலுங்கு கலந்து.

இந்த வெற்றிதான் என்னைக் கெடுத்தது. வியாபாரத்தில் ஓடியது பள்ளியிலும் ஓடும் என்று நினைத்துவிட்டேன்.

ஆதிரை யு.கே.ஜி. படிக்கும் பள்ளி மலையடிவாரச் சாலையில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஏழு பேர் சேர்ந்து டிரஸ்ட் வைத்து நடத்துகிறார்கள். அதற்கு நான் சம்பளமில்லாத ஆலோசகர். தலைவர் முனிரத்தினம் மலைப்படி அருகே பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். கூட்டத்தில் நான் விதியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். ஏழு பேரும் ஜவ்வரிசிப் பாயசத்தில் முடி கிடந்ததுபோல் பார்த்தார்கள்.

“இன்னாய்யா முழிச்சிகினு கீறீங்க?” என்றார் தலைவர். “தீட்டு மாதிரிதான். பங்காளி வூட்ல சாவு வுழுந்தா மலையேறுவியா? ஏற மாட்டல்ல? அந்த மாதிரி, நம்ம ஆளு விஷயம் பேசறப்ப நம்ம ரூம் ஏறக் கூடாது. இன்னாம்மா, சரியா?”

“ஆங், இத மொதல்லயே சொல்றது!” என்றார்கள் எல்லோரும்.

நானும் தலையாட்டினேன். “கிட்டத்தட்ட அதுதான் சார்” என்றேன். எவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டார்கள் என்று சந்தோஷம் வேறு.

இந்த இடத்தை நினைவில் வையுங்கள். நீங்கள் கொண்டுபோகும் விதிக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் பொருத்தமான உவமை சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். உவமை தனியாக வராது. தன் சம்பிரதாயங்களையும் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

பள்ளிக்குக் குழந்தைகளை ஏற்றிவந்தது பாபுவின் வேன். அதன் பக்கவாட்டுக் கதவு ஓடும் தடம் உடைந்து போயிருந்தது. பாபு கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தான். ஒருநாள் வேகத்தடையில் வண்டி குதித்தபோது கதவு ஒரு சாண் திறந்து, ஒரு குழந்தையின் பை சாலையில் விழுந்தது. கொய்யாப்பழம் விற்கும் அம்மா அதை எடுத்துக் கொண்டுவந்து பள்ளியில் கொடுத்தார். பை ஆதிரையுடையது அல்ல, அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளையுடையது. அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதல் வந்ததே என்று அன்று முழுக்க வெட்கமாக இருந்தது.

அதன்பின் தினமும் வேனுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் போக ஆரம்பித்தேன். “அந்த ஸ்கூட்டிலயே பாப்பாவ உட்கார வெச்சிகினு போயேன்” என்றார் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் என் கணவர். நியாயமான பேச்சு. ஆனால் ஆபத்து என்று தெரிந்து என் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டால், உள்ளே உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு நான் யார்? பின்னால் போனால் மட்டும் விழுகிற குழந்தையைப் பிடித்துவிடுவேனா என்றும் தோன்றும். பதில் தெரியாமலே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாபுவிடமே கேட்டேன். “அக்கா, கதவு பத்தி டிரஸ்ட்டுல பேசப் போறாங்களாம். அவங்க இன்னா சொல்றாங்களோ செய்றேன்க்கா” என்றான். பிறகு தயங்கி, “முனிரத்தினம் மாமாக்கு எம்மேல இன்னா கோவம்னு தெரிலக்கா. இப்பல்லாம் என்னக் கண்டா ரோட்டுக்கு அந்தாண்ட பூடறாரு” என்றான்.

எனக்கு அது புரியவில்லை. புரிந்திருக்க வேண்டும்.

தலைமையாசிரியை பத்மா மிஸ் வேனைத் தானாக நிறுத்த முடியாது. ஒப்பந்தம் டிரஸ்ட்டுடையது. எனவே சனிக்கிழமை கூட்டம் கூட்டினோம். திங்கட்கிழமை பிள்ளைகள் எதில் வருவார்கள் என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும். ஏழு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். ஆதிரையை மூலையில் கலர்ப் பென்சிலுடன் உட்கார வைத்தேன். பத்மா மிஸ் பொருளை வாசித்தார்: “பாபுவின் வேனை நிறுத்துவது குறித்து.”

தலைவர் உடனே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “பாபு எங்கூட்டுக்காரம்மாவோட தங்கச்சி மாப்ள. நான் வெளிய போறேன்.”

எனக்குப் பெருமை. விதி வேலை செய்கிறது.

ஜவுளிக்கடைக்காரர் எழுந்தார். “நான் அவனுக்குப் பங்காளி. ஏழு தலைமொறை தள்ளி. இருந்தாலும் பங்காளி பங்காளிதானே.”

பொருளாளர் சரோஜா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பாபுவோட அம்மாக்கு நான் நாத்தனார் மொறை.” அவரும் போனார். இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு மாமன், மச்சான் சொல்லிவிட்டு வரிசையாகப் போனார்கள்.

செல்வராஜ் சார் சர்ச்சில் மூப்பர். அவருக்கும் பாபுவுக்கும் உறவு இருக்க வழியில்லை. நிம்மதியாக அவரைப் பார்த்தேன். “ஒறவு இல்லீங்க” என்றார். “ஆனா அவன் வேன் வாங்கறப்ப பேங்குல ஜாமீன் போட்டது நான்தான்.” அன்று கேட்டவற்றிலேயே நம் புத்தகங்களில் எழுதியிருக்கிற அசல் தொடர்பு அது ஒன்றுதான். அவரும் போய்விட்டார்.

மிஞ்சியவர் மருந்துக்கடைக்காரர். அவருக்கு பாபு எந்த வகையிலும் ஒன்றுமில்லை. தனியாக உட்கார்ந்து நெளிந்தார். வெளியே எட்டிப் பார்த்தார். கடைசியில் எழுந்துவிட்டார்.

“சார், உங்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே!” என்றேன்.

“அதாம்மா பேஜாரு. எல்லாரும் நாணயமா வெளிய போய் நிக்கறாங்க. நான் மட்டும் உள்ள குந்தினு இருந்தா ஊர்ல இன்னான்னு நெனப்பாங்க? அவங்கூட ஒண்ணாப்பு படிச்சிருக்கேன், எழுதிக்கோ.”

அறையில் நானும் பத்மா மிஸ்ஸும் ஆதிரையும் ஏழு காலி நாற்காலிகளும் மட்டும் இருந்தோம். டிரஸ்ட் விதிப்படி முடிவெடுக்கக் குறைந்தது நான்கு பேர் அறையில் இருக்க வேண்டும். அதைத்தான் நாம் கோரம் என்கிறோம். எங்கள் கோரம் முழுவதும் புங்கமரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது.

குடித்ததோடு நில்லாமல் பேசவும் செய்தது. ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது. வேனை நிறுத்த வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தால் இழுத்திருக்கக்கூடிய விவாதம் வெளியே டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் ஜன்னலுக்கு ஓடி, “சார், வெளியே பேசக்கூடாது! அது கூட்டம் ஆகாது!” என்று கத்தினேன்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“உள்ளாறயும் பேசக் கூடாது, வெளியவும் பேசக் கூடாது. அப்போ எங்கதாம்மா பேசறது?”

“பாபுவிடம் யாராவது நேராகச் சொல்லியிருக்கலாமே சார்?”

“இன்னாம்மா இப்டி சொல்ற? முன்னாடி மாதிரின்னா அவன் காதப் புடிச்சித் திருகி, அன்னிக்கே மெக்கானிக் கடையில வுட்டிருப்பேன். இப்ப ரூல் கீதே! தீட்டு வூட்டுக்காரங்கிட்ட பொழங்கலாமா? அவனப் பாத்தா ஒதுங்கிப் பூடறேன்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். தொடர்பு இருந்த ஆறு பேரும் அப்படியேதான் ஒதுங்கியிருக்கிறார்கள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் ஒரு வேன் கதவைப் பழுதுபார்க்க வைத்ததெல்லாம் மாமன்களும் பங்காளிகளும் கொடுத்த திட்டுகள்தான். உறவுக்காரர் முடிவெடுக்கக் கூடாது என்று நான் எழுதினேன். உறவுக்காரர் திட்டவும் கூடாது என்று அது போய்ச் சேர்ந்திருக்கிறது. கதவு அத்தனை வாரம் கயிற்றில் ஆடியது அலட்சியத்தால் அல்ல. என் விதியை மதித்து எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டதால்.

சீனியருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். ஏதோ கல்யாணத்தில் இருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது.

அதற்குள் வெளியே முனிரத்தினம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் கை கழுவும் குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“சார், என்ன செய்கிறீர்கள்?”

“தீட்டுன்னா கழிக்க வழி இல்லாமயா போச்சு? தலைக்கு ஊத்துனா தீர்ந்துச்சு. ஊத்திகினு உள்ள வரேன்.”

“இது சட்டப்படி செல்லாது சார்!”

“எது செல்லும், சொல்லும்மா. அத செய்யறேன். திங்கக்கெழம கொழந்தைங்க எதுல வரும்?”

கேள்வி நேராக வந்தது. நானும் விலகிவிட்டால் திங்கட்கிழமை பாபு கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவான், நான் பின்னால் ஸ்கூட்டியில் போவேன். அது மட்டும் நிச்சயம். அவர் மக்கில் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

குழாயடியில் வரிசை நின்றது.

“நான் காலைலதான் தலைக்கு ஊத்திகினேன், அது கணக்கில்லையா?” என்றார் சரோஜா அம்மா.

“தீட்டு வந்தப்பறம் ஊத்துனாதான்க்கா கணக்கு” என்றார் ஜவுளிக்கடைக்காரர், அது டிரஸ்ட் பத்திரத்திலேயே எழுதியிருப்பது மாதிரி.

செல்வராஜ் சார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து பத்மா மிஸ்ஸிடம் கொடுத்தார். “எங்கள்ல ஒரு தபா ஞானஸ்நானம் எடுத்தா ஆயுசுக்கும் போதுமே தலைவரே.”

“அது உம்ம பாவத்துக்கு சார். இது ஜாமீனுக்கு. வாங்க.”

நான் செய்யக்கூடியதாகத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். வாசலில் நின்று, சொட்டச் சொட்ட வந்த ஒவ்வொருவரையும் தன் தொடர்பை மறுபடி உரக்கச் சொல்லிவிட்டு உட்காரச் சொன்னேன். சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் “ஒண்ணாப்பு” என்று சொல்லிவிட்டுத் தும்மினார். கதவு சரியாகும்வரை வேனை நிறுத்துவது என்ற தீர்மானத்துக்கு ஏழு ஈரக் கைகளும் உயர்ந்தன. செல்வராஜ் சார் மட்டும் கையை இறக்காமலே பேசினார்: “வேன் ஓடலன்னா அவன் தவண கட்ட மாட்டான். பேங்கு என் வூட்டுக்குத்தான் வரும். பரவால்ல, நிறுத்துங்க.”

நாற்காலிகளுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சென்னையில் ஏசி அறைகளில் எத்தனையோ இயக்குநர் கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்திருக்கிறேன். தன் நலனுக்கு எதிராக ஒருவர் இவ்வளவு சாதாரணமாக வாக்களித்து நான் பார்த்ததில்லை.

அடுத்து மாற்று வேன். இந்த அறையில் ஒருவருக்கும் சொந்தமாகாத ஒரு வேன் வேண்டும். யோசித்து, “ஆர்.கே.பேட்டையில் சுப்பராயலு என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் நல்ல வேன் ஒன்று சும்மா நிற்கிறது” என்றேன்.

“யாருக்காச்சும் ஒறவா?” என்றார் தலைவர். எல்லோரும் கண்ணை மூடித் தேடினார்கள். இல்லை. பங்காளி இல்லை, மச்சான் இல்லை, ஒண்ணாப்புகூட இல்லை. அறையே மலர்ந்தது.

“மேடம்,” என்றார் பத்மா மிஸ் மெதுவாக, “அவர உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் ஆலோசகராக இருக்கும் கம்பெனியில் அவர்...” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அந்தக் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. அவர் அதில் இயக்குநர். அவருடைய வேனுக்கு நான் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறேன். அந்த அறையில் காய்ந்த தலையோடு இருந்தவர்களில் நானும் ஒருத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே அதைச் சொல்லிவிட்டேன்.

ஏழு ஈர முகங்கள் என்னைப் பார்த்தன. கேலி இல்லை. துக்க வீட்டுக்காரியைப் பார்க்கிற பரிவுதான் இருந்தது.

“கொழா அந்தாண்ட கீது” என்றார் தலைவர். “போய்ட்டு வாம்மா.”

எனக்கு வாக்கு இல்லை, நான் ஊற்றிக்கொள்ளத் தேவையில்லை என்று வாதாடியிருக்கலாம். வெளியேறினால் போதும், நீங்களே முடிவெடுங்கள் என்று மரத்தடியில் நின்றிருக்கலாம். இரண்டும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் உள்ளே ஏழு பேர் என் விதிக்காக நனைந்து உட்கார்ந்திருக்கிறார்கள். குழாயடிக்குப் போனேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை. எனக்கு முன்பே ஆதிரை அங்கே மக்குடன் தயாராக நின்றாள்.

“அம்மா, கண்ண மூடிக்கோ.”

மூடிக்கொண்டேன். அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளிலேயே தயங்காமல் எடுத்தது அது ஒன்றுதான்.

நான் வெளியே நனைந்துகொண்டிருந்தபோதே உள்ளே சுப்பராயலுவின் வேனை முடிவு செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை அது வந்தது. கதவு ‘டப்’ என்று மூடியது. நான் மேலும் மூன்று நாள் பின்னால் ஸ்கூட்டியில் போனேன், பழக்கதோஷம். தீட்டு கழிந்த தலைவர் அந்த ஞாயிறே பாபுவின் காதைத் திருகியிருக்கிறார். வாரக்கணக்காகத் தொங்கிய கதவு செவ்வாய்க்கிழமை சரியாகிவிட்டது.

சீனியர் கல்யாணம் முடிந்து கூப்பிட்டார். நடந்ததையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். “எல்லோருக்கும் தொடர்பு இருந்து, வேறு ஆளே இல்லையென்றால், தொடர்பை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அவர்களே முடிவெடுக்கலாம். படித்திருக்கிறாயே?” என்றார். படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

“அப்படியானால் அந்தத் தண்ணீர்?” என்று கேட்டேன்.

“அதற்குச் சட்டத்தில் இடமில்லை. தடையும் இல்லை” என்றார்.

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினேன்: ‘உறுப்பினர்கள் தத்தம் தொடர்புகளை அறிவித்து வெளியேறினர். பின்னர் திரும்பி வந்து, தொடர்புகளை மீண்டும் அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றினர்.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. தண்ணீர் மட்டும் இல்லை. இது சுருக்கமா, மறைப்பா?

என்னைவிட இளையவர்களான உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு விதியைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழையும் முன், அது நடந்தால் உள்ளே யார் மிஞ்சுவார்கள் என்று நாற்காலி நாற்காலியாக எண்ணிப் பாருங்கள். மற்றதில் எனக்குத்தான் உங்கள் யோசனை தேவை.

கதவு சரியான வேனோடு பாபு திரும்பி வரக் கேட்டிருக்கிறான். வருகிற கூட்டத்தில் அதுதான் முதல் பொருள். இரண்டாவது பொருள், அலுவலக அறை வாசலிலேயே தனியாக ஒரு குழாய் போடுவது. குழாய் போடுகிறவர் ஜவுளிக்கடைக்காரரின் மைத்துனர். விதியை வாபஸ் வாங்கினால் பழையபடி திட்டுவார்கள், கதவுகள் ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒப்பந்தங்கள் மாப்பிள்ளைகளுக்கே போகும். வைத்துக்கொண்டால் எல்லோரும் நாணயமாக மரத்தடியில் நிற்பார்கள். தண்ணீரோடு சேர்த்து விதியை ஏற்றுக்கொள்வது என்று மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதை எந்த வாசகத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் கூட்டத்துக்கு முன் எழுதி அனுப்புங்கள். அப்படியே, நான் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போகலாமா, அது எனக்கு முன்கூட்டியே முடிவு தெரியும் என்று ஆகிவிடுமா என்பதையும் சொல்லுங்கள். ஆதிரை தன் பள்ளிப் பையில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டாள்.